கடையைப் பூட்டிவிட்டு மலையேறிய பதினெட்டு நாள்

என் செல்லச் சோம்பேறி ரேவதிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பட்டத்தை உனக்குக் கொடுத்தவள் நான்தான், திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவளும் நான்தான். பதினோரு வருஷமாகக் கடைக்கு வந்துபோன அத்தனை பேர் முன்னாலும் "எங்க நாத்தனார் பெரிய சோம்பேறி" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஊர் கேட்கத் திட்டிவிட்டு, நன்றியை மட்டும் உன் போட்டோவுக்கு முன்னால் நின்று முணுமுணுத்தால் அது நியாயமில்லை. அதனால் ஊர் படிக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் சேதி. இந்த ஆடி ஒன்றாம் தேதி நம் கடையைப் பூட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு இல்லை, முழுசாகப் பதினெட்டு நாளைக்கு. ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை உங்க அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினேன். சாவி என்னிடம் இருந்திருந்தால் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலேயே இறங்கித் திரும்பியிருப்பேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன்னைத் தெரியாமல் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய், பாட நோட்டின் ஓரமெல்லாம் கொடியும் பூவுமாக வரைந்து வைத்திருந்தாய். பிற்பாடு நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு செல்போன் கடையின் மாடியில் ஆரி ஒர்க் கடை போட்டோம். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஜரியும் முத்தும் கல்லும் வைத்து ஊசியால் பூவேலை செய்கிற தொழில். ஆரம்பத்தில் இரண்டு பேருமே வரைந்தோம். ஆர்டர் கூடக்கூட, அளவெடுப்பது, தேதி சொல்வது, தேதி தவறினால் சமாதானம் சொல்வது எல்லாம் என் பக்கம் வந்தது. வரைவதை மொத்தமாக உன் தலையில் கட்டிவிட்டேன். ஒரு கட்டத்தில் நான் கடைசியாக எப்போது பென்சில் பிடித்தேன் என்பதே மறந்துபோனது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிகிற மாசம் அதுதான். சரியாக அந்த மாசம் ஒன்றாம் தேதிதான் நீ பையைத் தூக்குவாய். மலைமேல் கரியாலூர் பக்கம், கொல்லி என்று நாம் சொல்கிற மேட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும் போடுகிற அலமேலுவின் வீட்டை ஒட்டினாற்போல உனக்கு ஒரு ஒற்றை அறை. ஆடிப்பெருக்கு முடிந்துதான் இறங்குவாய். கடைக் கதவில் நீயே எழுதி ஒட்டுகிற அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஆடி 18 வரை கடை உண்டு, ரேவதி இல்லை." வருகிற பெண்கள் அதைப் படித்துவிட்டு, "அப்ப ரேவதி வந்தப்புறம் வரங்கக்கா" என்று துணிப்பையோடு திரும்பிப் போவார்கள். எனக்கு எப்படி இருக்கும்? நான் என்ன, வாட்ச்மேனா?

"அங்க போயி இன்னாதான்டி பண்ற?" என்று கேட்டால், "சும்மா இருக்கன் அண்ணி" என்பாய். நான் நம்பவில்லை. மலையில் இலை, பூ, பறவை எல்லாவற்றையும் பார்த்து நோட்டு நோட்டாக வரைந்துகொண்டு வருகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் உன்னை அனுப்ப எனக்கு மனசு வந்தது. நீ இறங்கி வந்த மறுநாளே ட்ரேசிங் பேப்பரில் புதுசு புதுசாகக் கொட்டும், அதனால் என் கணக்கு சரி என்றே பட்டது.

ஒரு வருஷம் நீ ரொம்ப வற்புறுத்தினாய் என்று நானும் இரண்டு நாளைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் பை ஏன் இவ்வளவு கனக்கிறது என்று திறந்து பார்த்தாய். உள்ளே வட்டச் சட்டம், நூல்கண்டு, பாதி முடிந்த ஜாக்கெட் கை. நீ சிரித்த சிரிப்பில் ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாய். "அண்ணி, நீங்க செத்தாக்கூட ஊசியோடதான் போவீங்க" என்றாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். யார் முதலில் போவார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

எல்லாம் சிரிப்பாகவே போனதில்லை. ஒரு ஆடியில் ஆர்டர் நெருக்கடியில் என் வாய் நீண்டுவிட்டது. "உனக்கின்னாடி, புருஷனா புள்ளையா, பையைத் தூக்கனா கெளம்பிடலாம்" என்று ஜெனிபர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நம்மிடம் ஆறு வருஷமாக வேலை பார்க்கிற அவள்கூட ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நீ மட்டும் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "ஆமா அண்ணி, இருக்கிற ஒரு சௌகரியத்தை வீணாக்கக் கூடாது இல்ல" என்றாய். அது வலித்ததா உனக்கு? நான் கேட்கவே இல்லை.

போன ஆடிக்கு வருகிறேன். ஒரே மேடையில் கல்யாணமாகப் போகிற அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் பிடித்திருந்தேன். நீ வழக்கம்போல ஒன்றாம் தேதி பையோடு நின்றாய். முகம் வெளுத்துப்போய், வயிறு சரியில்லை என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் என்ன சொன்னேன்? "இந்த ஒரு வருஷம் இருடி, அடுத்த வருஷம் ஒரு மாசம்கூடப் போயிக்கோ." பையிலிருந்த துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாய். அந்த இரண்டு ஜாக்கெட்டும் நம் கடையிலேயே அழகானவை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

புரட்டாசியில் நோய் என்னவென்று தெரிந்தது. கார்த்திகையில் நீ இல்லை. மலைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடமே கேட்டேன், வெட்கத்தை விட்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா என்றார். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் உன் கடைசி ஆடியைப் பிடுங்கிக்கொண்டவள் நான் என்பதும் உண்மைதானே?

காரியம் முடிந்த நாலாம் நாளே கடையைத் திறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். நீ வரைந்து வைத்துவிட்டுப் போன ட்ரேசிங் பேப்பர் கட்டு இருந்தது, அதையே திருப்பித் திருப்பிப் போட்டேன். தை, மாசி, பங்குனி ஓடிவிட்டது. சித்திரையில் ஒரு பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் எங்க பெரிம்மா பொண்ணு கல்யாணத்துலயே பாத்துட்டங்கக்கா, புதுசா ஏதாச்சும் வரைஞ்சு குடுங்களேன்" என்றாள். நாளைக்கு வா என்றேன். அவள் போனதும் பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். மாங்காய் வந்தது. அழித்தேன். திரும்பவும் மாங்காய்தான் வந்தது. மயில் வரைந்தால் அது உன் மயிலாகவே இருந்தது, கழுத்து மட்டும் கோணல். மறுநாள் அந்தப் பெண் வந்தாள், பார்த்தாள், யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள். எதிர் வரிசையில் புதிதாகத் திறந்திருக்கிற கடையில் அவள் செருப்பு கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நம் கடைக்குப் பெயரே டிசைனுக்குத்தானே ரேவதி? முத்தும் ஜரியும் யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். போட்டதையே போடுகிறவர்கள் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் நம்மைத் தேடி யார் மாடி ஏறுவார்கள்? அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக வேலை பார்த்தேன். சாப்பாட்டை நின்றுகொண்டே தின்றேன். ஜெனிபர்மேல் எரிந்து எரிந்து விழுந்தேன்.

வைகாசியில் அது நடந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெண், இரண்டு கையிலும் கிளி கேட்டிருந்தாள். உன் கிளிப் பேப்பரைத்தான் எடுத்தேன். உனக்குத் தெரியாததா: ஊசியால் ஓட்டை குத்திய பேப்பரைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் கோடு கீழே இறங்கும். ஒரு கைக்கு ஆனதும் பேப்பரைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டுத்தான் அடுத்த கைக்குத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கிளியும் முன்பக்கம் பார்க்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். நான் கவிழ்க்கவே இல்லை. அதோடு விட்டேனா? ஆறு நாள் குனிந்து உட்கார்ந்து அதைத் தைத்தும் முடித்தேன். தைக்கும்போதும் என் கண்ணில் படவில்லை.

அந்தப் பெண் போட்டுப் பார்க்க வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா இது, ஒரு கிளி மாப்பிள்ளையப் பாத்துக்கினு கீது, இன்னொன்னு கோச்சிக்கினு முதுகைக் காட்டுது?"

அவள் அம்மாவும் சிரித்தாள், ஜெனிபரும் சிரித்தாள். நல்ல மனுஷிகள், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. மூன்று பெண்கள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். ஜெனிபரும் நானும் உட்கார்ந்து ஒரு கையைப் பிரித்து, திரும்பத் தைத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம் உங்க அண்ணன் சர்க்கரை ஆலையிலிருந்து வந்து, நான் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்ன ஏது என்று விசாரித்தார். கிளிக் கதையைச் சொன்னேன். உனக்குத் தெரியுமே, அவர் பேசுவதே கம்மி. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"தனம், எங்க மில்லுலயே அரவை முடிஞ்சா மிஷினை நிறுத்திடுவோம். ஒவ்வொரு பல்லாக் கழட்டிச் சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு, மாசக்கணக்குல அப்படியே வச்சிருப்போம். அப்பதான் அடுத்த வருஷம் கரும்பு அரைக்கும். நீ இன்னா மில்லைவிடப் பெரிய மிஷினா?"

"ஆவணி ஆர்டரு?"

"போறது போவட்டும். ஆடிக்கு ரேவதி போற எடத்துக்கு நீ போ."

"போற எடத்துக்கு" என்றுதான் சொன்னார், நீ இன்னும் போய்வந்துகொண்டிருப்பது போல. சொன்ன பிறகு அவரும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் கிளம்பினேன். ஜெனிபருக்கும் லீவு விட்டேன். அவள் திருநாவலூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். கதவில் ஒட்ட நானே ஒரு அட்டை எழுதினேன். "ஆடி 18 வரை கடை இல்லை." எழுதும்போது, போனால் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது.

கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக ஏறும்போதே காதை அடைத்தது. அலமேலு ரோட்டுக்கே வந்து நின்றாள். ரொம்பப் பேசவில்லை, என் பையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டதும் முதுகு நீட்டலாம் என்று உன் அறையில் பாயை விரித்தேன். கண் விழித்தபோது வெயில் வாசலில் அடித்தது. மூன்று மணி இருக்கும் என்று வெளியே வந்தால், "மணி பதினொன்னாவுது" என்கிறாள் அலமேலு. எந்தப் பதினொன்று? மறுநாள் பதினொன்று! இடையில் ஒரு முழுப் பொழுதையே தூங்கித் தொலைத்திருக்கிறேன்.

எனக்கு வந்ததே கோபம். "எழுப்பக் கூடாதா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று சாமை புடைத்துக்கொண்டிருந்தவளிடம் கத்தினேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ரேவதி சொல்லியிருக்குதுக்கா. எங்க அண்ணி என்னைக்காவது ஒரு நாளு ஊசியில்லாம இங்க வரும், வந்தா எழுப்பாதீங்க, அது பல வருஷமாத் தூங்காம இருக்குதுன்னு. வருஷா வருஷம் போவும்போது இதைச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறும்."

நான் போய் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. என்னை உனக்குத் தெரியாதா? மூன்றாம் நாள் கை ஊறல் எடுத்தது. அலமேலுவின் ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் ஊக்கு தைத்தேன். அவள் வீட்டுக்காரர் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். தலையணை உறைக்கு மூலை மடித்துத் தைக்கிறபோது அவள் வந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ ஒளித்துவிட்டாள். "எங்க வூட்டுத் துணியெல்லாம் நல்லாத்தான்க்கா இருக்குது, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். உட்காருவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது ரேவதி. காலை ஆட்டுகிறேன், எழுந்திருக்கிறேன், திரும்ப உட்காருகிறேன். மணி பார்த்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கிறது.

செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற வளைவு ஒன்று இருக்கிறதே, தினம் இரண்டு தடவை அங்கே ஏறிப் போய் நின்றேன். ஜெனிபரைக் கூப்பிட்டால், "அக்கா, கடைதான் மூடிக்கெடக்குதே, எதைப் பத்திப் பேசறதுக்குக் கூப்புட்றீங்க?" என்கிறாள். ஆறாம் நாள் ஒரு பழைய வாடிக்கைக்காரி பேசினாள். எதிர்க்கடையில் கொடுத்துவிட்டதாகவும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். நேராக அறைக்கு வந்து பையைக் கட்டினேன். அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிவிடுவது என்று முடிவு.

அலமேலு வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள், நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"போறீங்களா?"

"ஆமா. ரேவதிக்கு இங்க வந்தா வேலை ஓடும், நோட்டு நோட்டா வரையும். எனக்கு இன்னா ஓடுது? நான் சும்மாதான உக்காந்துகினு இருக்கன்?"

"வரையறதா?" அவளுக்கு ஒரே ஆச்சரியம். "அது இங்க ஒரு கோடு போட்டு நான் பாத்ததில்லையே. தூங்கும். எங்கூட கொல்லிக்கு வரும். பலா மரத்தடியில கெடக்கும். ஒரு தடவை நானே கேட்டுட்டன், இத்தினி நாளு வேலையை வுட்டுட்டு வரியே, கடை இன்னா ஆவறதுன்னு. அதுக்கு அது சொல்லிச்சு, எங்க அண்ணி கீழ நிக்குது, அதான் நான் இங்க படுத்துக்கினு இருக்கன், அது மட்டும் இல்லன்னா எனக்கு ஏது ஆடின்னு."

பஸ் வந்து, ஹாரன் அடித்து, போகிற சத்தம் கேட்டது. நான் கட்டின பைமேல் உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன்டி என்னிடம் நேரில் சொல்லவில்லை? பத்து வருஷம் நான் கீழே உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது நீ மேலே உட்கார்ந்து எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். சொல்லியிருந்தால் நான் திட்டுவதை நிறுத்தியிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான். "அப்ப நாலு டிசைனைச் சேர்த்துப் போடு" என்றுதான் கேட்டிருப்பேன். உனக்கு என்னைத் தெரியும்.

அதற்கப்புறம் நான் எதையும் எண்ணவில்லை. வளைவுக்கு ஏறிப் போவதை நிறுத்தினேன். தூக்கம் வந்தால் தூங்கினேன். சாரல் அடிக்கிற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பேன். எதிரே அலமேலுவின் மரவள்ளிக் கொல்லிதான், பார்ப்பதற்கு வேறு எதுவும் கிடையாது. நம் ஊரில் எங்கே திரும்பினாலும் மரவள்ளிதான், நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற செடி. ஆனால் அதன் காம்பு அவ்வளவு சிவப்பு என்று இந்த வயசில்தான் எனக்குத் தெரிகிறது. சில இலைக்கு ஐந்து விரல், சிலதுக்கு ஏழு. மழை கனத்தால் எல்லா விரலும் கீழே மடங்கிக்கொள்கிறது, விட்டதும் ஒன்று மட்டும் முதலில் நிமிர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டிசைன் நினைப்பே இல்லாமல். ஒரு நாள் அலமேலு, "இன்னாக்கா, சிரிக்கறீங்க?" என்றாள். சிரித்தது எனக்கே தெரியாது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கடையைத் திறந்தேன். ஆர்டர் குறைந்துதான் இருந்தது, அதை மறைக்கவில்லை. நாலைந்து பேர் போய்விட்டார்கள். மலையிலிருந்து இறங்கினதும் கை தானாக ஓடும் என்று நினைத்தேனே, அதுவும் இல்லை. முதல் மூன்று நாள் பழைய மாங்காய்தான். ஆனால் ஒரு வித்தியாசம், பயம் வரவில்லை. மாங்காய் வந்தால் வரட்டும் என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஜெனிபர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் என்ன வேண்டுமென்று சொல்லத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே கையில் இருந்த பேப்பரில் கிறுக்கினேன். ஜெனிபர்தான் எட்டிப் பார்த்து, "அக்கா, இது இன்னாது?" என்றாள். குனிந்து பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நீளக் காம்பு, அதிலிருந்து பிரிகிற ஏழு விரல் இலை, ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து, மற்றதின் நுனியிலெல்லாம் சொட்டு. உன்னுடையதில் இப்படி ஒரு கோடுகூடக் கிடையாது. என்னுடையதிலும் இதுவரை கிடையாது.

அந்தம்மா வாங்கிப் பார்த்தாள். "மரவள்ளித் தழையா? கல்யாணத்துக்குப் போயி யாராச்சும் கெழங்குத் தழையைப் போட்டுக்குவாங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண் பேப்பரை அம்மா கையிலிருந்து எடுத்தாள். "யம்மா, நம்ம கொல்லியில இருக்கறதும்மா. இந்தக் கெழங்குதான என்னைக் காலேஜுக்கு அனுப்பிச்சுது? எனக்கு இதான் வேணும்."

காம்புக்குச் சிவப்புப் பட்டுநூல், இலையோரத்துக்கு ஜரி, சொட்டுக்கு ஒவ்வொரு பாசிமணி. நானும் ஜெனிபரும் ரசித்துத் தைத்தோம், மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆவணியில் மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். மேடையைச் சுற்றிப் பெண்கள் நின்று அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யார் போட்ட டிசைன் என்று யாரோ கேட்க, அவள் கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிக் கையைக் காட்டினாள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அதை ஓடிப்போய்ச் சொல்ல நீ இல்லையே என்பதும் தாங்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ எனக்கு எத்தனையோ கற்றுக்கொடுக்க முயற்சி பண்ணினாய் என்றெல்லாம் பெரிதாக எழுத மாட்டேன். நீ யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க மெனக்கெடுகிறவள் இல்லை. உனக்கு வேண்டியதை வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டாய், எனக்கும் ஒரு பாயை அங்கே போட்டு வைத்துவிட்டுப் போனாய். அந்தப் பாய்க்கு நன்றி. என்னைத் தூங்க விடச் சொன்னதற்கு நன்றி. கீழே நின்றவளை மேலே இருந்து நினைத்ததற்கு நன்றி.

இனி வாக்கு. ஒவ்வொரு ஆடியும் பதினெட்டு நாள் நான் மலையேறுவேன், எத்தனை பேர் எதிர்க்கடைக்குப் போனாலும் சரி. ஜெனிபருக்கும் அதே பதினெட்டு நாள் உண்டு, அவளுக்கு வேண்டிய மாசத்தில். அவள் இல்லாத நாளில் நான் கீழே நிற்பேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வருகிறவர்களிடம் அவளைச் சோம்பேறி என்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. போன ஆடி ஒன்றாம் தேதி நீ பையோடு வாசலில் நின்றபோது நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போயிட்டு வாடி. நல்லாத் தூங்கு. கடையை நான் பாத்துக்கறன்.

இப்படிக்கு,
உன்னைச் சும்மா இருக்க விடாத
உன் அண்ணி தனம்